கம்பியில்லா மின்கிதார்

கொச்சி நகரத்து மட்டாஞ்சேரியில் கொச்சங்காடி என்னும் பழமையான பகுதி உள்ளது. 1344-ஆம் ஆண்டில் யூதர்கள் இங்கு எழுப்பிய தொழுகைக் கூடம் மறைந்துவிட்டது. அதன் கல்வெட்டு மட்டும் பரதேசி யூதக் கோயிலின் சுவரில் பதிக்கப்பெற்று எஞ்சியிருக்கிறது. செம்புத் தகடு வேய்ந்த கூரையால் பெயர் பெற்ற செம்பிட்டபள்ளி மசூதியும் இப்பகுதியதே. பல நாட்டு வணிகரும் கலந்து வாழ்ந்த மட்டாஞ்சேரியில் சங்கீதமும் பல வகையாகக் கலந்தே வளர்ந்தது. மெஹ்பூப், உம்பாயி ஆகிய பாடகர்களை அளித்தது இவ்வூரின் மெஹ்ஃபில் மரபு. பிற்காலத்தில் 'தர்ட்டீன் ஏ.டி.', 1996-இல் தோன்றிய 'மதர்ஜேன்' ஆகிய கொச்சிக் குழுக்கள் மின்கிதாரின் ஒலியைக் கேரளத்துக்கு வெளியேயும் கொண்டு சென்றன.

இத்தகைய ஊரில், தென்மேற்குப் பருவமழை பெய்து ஓய்ந்த மாலையில், குறுகிய தெருவொன்றில் பந்தல் மேடை அமைத்து இளைஞர் சிலர் வாசிக்கிறார்கள் என்று கொள்வோம். மேடைப் பலகை நனைந்திருக்கிறது. தரையெங்கும் கம்பிகள் பின்னிக் கிடக்கின்றன. ஒலிபெருக்கிக்கு மின்சாரம் எங்கிருந்தோ இழுத்துக் கொண்டுவரப்பட்டிருக்கிறது. அதற்குப் புவித்தொடர்பு, அதாவது 'எர்த்', உண்டா என்பதை எவரும் பார்த்ததில்லை. சில ஆயிரம் ரூபாய்க்கு இப்போது கிடைக்கும் கம்பியில்லாச் சாதனம் இங்கு வெறும் அலங்காரப் பொருளா, உண்மையில் பயன் தருவதா என்பதை ஆராய்வோம்.

முதலில் கம்பியின் கதையைக் கூறிவிடுவது நல்லது. மின்கிதாரின் தந்திகளுக்கு அடியில் காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் உள்ளன. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் சிறிதளவு மின்னழுத்தம் தோன்றுகிறது. இதனை ஒலிபெருக்கிக்குக் கொண்டு செல்லும் கம்பி, நடுவில் ஒரு கடத்தியும் அதைச் சூழ்ந்த பின்னலும் கொண்டது. இவ்விரண்டும் சேர்ந்து தம்மையறியாமல் ஒரு மின்தேக்கியாகி விடுகின்றன. மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் என்று கொண்டால், 6 மீட்டர்க் கம்பி 600 பிக்கோஃபாரட் ஆகிறது. 4 ஹென்றி அளவுள்ள சுருளுடன் இது சேரும்போது, ஏறக்குறைய 3,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகள் மங்கத் தொடங்கும். கம்பியை நீக்கிக் கம்பியில்லாச் சாதனத்தைச் செருகியதும் ஒலி கூர்மையாகிவிட்டது என்று வாசிப்போர் சிலர் வியப்பதற்கும், வேறு சிலர் குறைகூறுவதற்கும் காரணம் இதுவே. குறைகூறுவோர் கிதாரிலுள்ள தொனித் திருகை ஓரளவு குறைத்துக் கொண்டால் பழைய ஒலி பெரும்பாலும் திரும்பிவிடும்.

ஆனால் அந்தப் பின்னலுக்கு வேறொரு தொழிலும் உண்டு; அதுவே நம் கவனத்துக்கு உரியது. இரைச்சலைத் தவிர்க்கும் பொருட்டுக் கிதாரின் தந்திகள் அனைத்தும் பின்னலோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. பின்னல் ஒலிபெருக்கியின் உலோக அடித்தட்டோடு சேர்கிறது. அடித்தட்டு புவியோடு இணைந்திருந்தால் தீங்கில்லை. புவித்தொடர்பு அறுபட்டு, உள்ளே ஏதேனும் பழுதினால் 230 வோல்ட் மின்சாரம் அடித்தட்டில் ஏறிவிட்டால், தந்திகளும் அவ்வழுத்தத்தைப் பெறுகின்றன. வாசிப்பவர் அப்போது பாடுவதற்காக மைக்ரோஃபோனில் உதட்டை வைத்தாரானால், மின்சாரம் கைவழி ஏறி, மார்பைக் கடந்து, மைக்ரோஃபோனின் புவித்தொடர்பு வழியே இறங்கும். ஈரமான தோலின் தடையை ஆயிரம் ஓம் என்று கொண்டால், பாயும் மின்னோட்டம் 230 மில்லியாம்பியர். உயிருக்கு ஆபத்து விளைய 30 மில்லியாம்பியரைச் சற்றுக் கடந்தாலே போதும்.

இது கற்பனையன்று. 1972-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள், வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகர மேடையில், 'ஸ்டோன் த க்ரோஸ்' குழுவின் கிதார்க் கலைஞர் லெஸ் ஹார்வி மைக்ரோஃபோனைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி மாண்டார். 1976 டிசம்பரில் அமெரிக்காவின் லேக்லண்ட் நகரில் 'கிஸ்' குழுவின் ஏஸ் ஃப்ரெய்லி மேடையில் மின்சாரத்தால் தாக்குண்டு உயிர் பிழைத்தார். அதன்பின் அக்குழுவினர் கென் ஷாஃபர் என்பவர் ஆக்கிய கம்பியில்லாச் சாதனத்துக்கு மாறினர். கம்பியில்லாக் கிதார் மேடையில் வேரூன்றியது, ஓடியாடி வாசிக்கும் ஆசையால் மட்டுமன்று, உயிரச்சத்தாலும் எனலாம்.

கம்பியில்லாச் சாதனத்தில் கிதாருக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே உலோகத் தொடர்பு அறவே இல்லை. கிதாரில் செருகிய பரப்பியினுள் இருப்பது 3.7 வோல்ட் லித்தியம் மின்கலம் ஒன்றே. எனினும் இதனால் மேடையின் பழுது தீர்ந்துவிடவில்லை. மைக்ரோஃபோன் இன்னும் கம்பியில்தான் நிற்கிறது. ஒலிபெருக்கியின் திருகைத் திருப்பக் கை நீளத்தான் செய்யும். ஆகவே, 30 மில்லியாம்பியர் கசிவில் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு விசையைப் பந்தல் இணைப்பில் பொருத்துதல் இன்றியமையாதது. கையில் உள்ள பணம் இரண்டில் ஒன்றுக்கே போதுமானால், விசையை முதலில் வாங்குக.

இனி அலையின் இயல்பைக் காண்போம். மலிவான சாதனங்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகின்றன, அலைநீளம் 12.5 சென்டிமீட்டர். நம் நாட்டில் 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையைக் குறைந்த ஆற்றலுடன் உரிமமின்றிப் பயன்படுத்த 2005-ஆம் ஆண்டு விதிகள் இடமளித்தன. 1895-இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் சுவர்களை ஊடுருவி அலைகளை அனுப்பி மணியை ஒலிக்கச் செய்தார். அவர் கையாண்ட அலைகளின் நீளம் சில மில்லிமீட்டரே. இன்றைய கிதார்ச் சாதனத்தின் அலை அவருடையதைவிட நீண்டது என்பது வேடிக்கையான செய்தி.

பரப்பியின் ஆற்றல் 10 மில்லிவாட் என்று கொள்வோம். திறந்த வெளியில் 10 மீட்டர் செல்வதற்குள் அது ஏறக்குறையப் பத்து லட்சத்தில் ஒரு பங்காகிவிடும். அதுவும் ஏற்பிக்குப் போதுமானதே. இடையில் மனித உடல் வந்தால்தான் தொல்லை. உடலில் நீர் மிகுதி. நீரோ இவ்வலைகளை விழுங்குவது. பரப்பியை முதுகுப்புறம் மாட்டிக்கொண்டு ஏற்பியைப் பார்த்தபடி நிற்பவர் தம் உடலையே சுவராக நிறுத்திக் கொள்கிறார். தகரக் கூரையும் இரும்புக் கதவும் அலைகளைத் திருப்பி அனுப்புவதால், நேர்வழி வந்த அலையும் எதிரொலித்து வந்த அலையும் சில புள்ளிகளில் ஒன்றையொன்று அழித்துக் கொள்ளும். அங்ஙனம் ஒலி அறுபடும் இடத்திலிருந்து ஓர் அடி விலகி நின்றாலே சரியாவதுண்டு.

மற்றொரு தொல்லை நெரிசல். வீட்டு வைஃபை, புளூடூத், அடுப்பங்கரை மைக்ரோவேவ் அடுப்பு ஆகிய யாவும் இதே பட்டையில் உறைகின்றன. கொச்சங்காடி போன்று வீடுகள் நெருங்கிய இடத்தில் எத்தனை வைஃபை அலைகள் திரியும் என்பதைக் கைப்பேசியைத் திறந்தாலே காணலாம். பிற்பகலில் காலியான பந்தலில் சோதித்தபோது குறையின்றி ஒலித்தது, இரவில் கூட்டம் நிறைந்ததும் திக்கித் திணறுவதன் மர்மம் இதுவே: ஒவ்வொருவர் பையிலும் ஒரு வானொலி, ஒவ்வொருவர் உடலும் ஒரு தடுப்பு. ஏற்பியைக் கூட்டத்துக்கு அப்பாலுள்ள ஒலிக்கட்டுப்பாட்டு மேசையில் வைக்காமல், மேடைமீதே, வாசிப்பவரின் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் வைத்தல் வேண்டும். வைஃபை பெட்டி அருகில் இருக்கலாகாது. உரிமவிலக்குப் பெற்ற 5.8 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்கும் சாதனங்களும் உள்ளன. அங்கு நெரிசல் குறைவு, ஆனால் எட்டும் தூரமும் குறைவு. வெளிநாட்டுக்கென்று ஆக்கப்பட்டு, தொலைக்காட்சி அலைவரிசைகளில் இயங்கும் மலிவுச் சாதனங்களை வாங்குமுன் சட்டத்தை நோக்குதல் நலம்; அவை எவர்க்கும் உரிமமின்றித் திறந்தவை அல்ல.

மலிவுச் சாதனங்கள் பெரும்பாலும் எண்முறையில் இயங்குபவை. விநாடிக்கு 48,000 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 24 இருமக் குறிகளாக எழுதினால், விநாடிக்கு 11,52,000 குறிகள் பறக்கின்றன. இவ்வளவையும் கட்டி அனுப்பிப் பிரிப்பதற்குச் சிறிது நேரம் தேவை. 6 மில்லிவிநாடித் தாமதம் என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. காற்றில் ஒலி அந்நேரத்தில் 2 மீட்டர் செல்லும். ஒலிபெருக்கியிலிருந்து 2 மீட்டர் தள்ளி நிற்பதற்கு அது சமம். ஆனால் எண்முறை விளைவுப் பெட்டிகள், காதில் அணியும் கம்பியில்லா ஒலிப்பான் என்று அடுக்கிக்கொண்டே போனால் தாமதங்கள் கூடும். 15, 20 மில்லிவிநாடி ஆனதும் தாளத்தில் கால் இடறும். சாதாரணப் புளூடூத் இதற்கு உதவாமைக்கும் காரணம் இதுவே. அதன் தாமதம் பெரும்பாலும் 100 மில்லிவிநாடியைக் கடந்தது.

பேஸ் கிதார் வாசிப்போர் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். நான்கு தந்திப் பேஸின் தாழ்ந்த சுருதி 41 ஹெர்ட்ஸ். ஐந்து தந்தியில் 31 ஹெர்ட்ஸ். பேச்சுக்கென்று ஆக்கிய கம்பியில்லா மைக்ரோஃபோனின் பரப்பியைச் சிக்கனம் கருதி இதில் மாட்டினால் அடிநாதம் மெலிந்துவிடும். பழைய முறைச் சாதனங்களில் ஒலியை அமுக்கி அனுப்பி மீண்டும் விரிப்பர். பேஸ் தந்தியின் நீண்ட கார்வை தேயும்போது இரைச்சல் மூச்சுவிடுவதுபோல் கேட்கும். எண்முறையில் இக்குறை இல்லை. மின்கலம் உள்ளமைந்த பேஸ்களில் செருகியே விசையாகவும் பணிபுரிகிறது. சில பரப்பிகள் அதனோடு ஒத்துப்போகாமல் இரையும். ஆகையால் சொந்தக் கருவியைக் கடைக்கு எடுத்துச் சென்று செருகிப் பார்த்து வாங்குக.

கொச்சியின் உப்புக் காற்று செருகியின் முனையில் களிம்பேற்றும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, பரப்பியைக் கிதாரிலிருந்து கழற்றி வைத்தல் வேண்டும். மின்கலம் முதலாண்டில் ஐந்து மணி நேரம் உழைத்ததென்றால் மூன்றாம் ஆண்டிலும் அப்படியே உழைக்கும் என்று எண்ணலாகாது. பழைய கம்பியொன்று எப்போதும் பையின் அடியில் சுருண்டு கிடக்கட்டும்.