தாயக்கட்டை யார் கையில்?

சங்கரன்கோவில் பக்கம் திண்ணையில் தாயம் ஆடியவர்களுக்குத் தெரியும்: பாதி ஆட்டம், பாதி சண்டை. 'கட்டை சாஞ்சு கெடக்கு, மறுபடி போடு' என்று ஒரு குரல். 'அதெல்லாம் செல்லும்' என்று மறுகுரல். விதி என்பது ஆடுபவர்களின் வாய்ப்பேச்சில் தினமும் திருத்தப்படும் பிரதி. தெருவுக்குத் தெரு மாறும்.

சோழி உருட்டிய பச்சீசியிலிருந்து பிறந்த லூடோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது. 2016இல் 'லூடோ கிங்' என்று கைபேசிக்குள் வந்தது. 2020 ஊரடங்கில் தனித்தனி வீடுகளில் அடைபட்டவர்களை ஒரே கட்டத்தைச் சுற்றி உட்கார வைத்தது. அது சின்ன விஷயமில்லை.

ஆனால் அங்கே எண்ணைப் போடுவது நம் விரல் அல்ல, நிரல். அது அழுகுணி ஆடுகிறதோ என்று சந்தேகப்படலாம். சண்டை போட முடியாது. விதியை எழுதியவர் கண்ணுக்குத் தெரியாமல் போகிறபோது அதிகாரம் இறுகுகிறது. ரேஷன் கடையில் கைரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பப்படும் கிழவி யாரிடம் 'மறுபடி போடு' என்பாள்?