கோடியக்கரை போறீங்களா? கிளம்பும் முன் ஃபோனை எடுங்க, போனதும் உள்ளே வைங்க

ஃபோனில் தமிழ்நாட்டு வரைபடத்தைத் திறந்து, சென்னையில் இருந்து கடற்கரை ஓரமாகவே விரலைக் கீழே இழுத்துப் பாருங்கள். புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம்னு கோடு ஏறக்குறைய நேராக வரும். வேதாரண்யம் தாண்டியதும் திடீர்னு மேற்கே மடங்கிவிடும். அந்த மடக்கு முனைதான் கோடியக்கரை. ஒரு பக்கம் வங்கக் கடல், இன்னொரு பக்கம் பாக் நீரிணை. 'கோடி' என்றால் முனை, கடைசி. பேரிலேயே விலாசம் இருக்கு.

மெரினா மாதிரி, கன்னியாகுமரி மாதிரி ஒரு கடற்கரையை மனசில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்துதான் வருவீர்கள். இங்கே சுண்டல் கடை வரிசை கிடையாது. காடு, புல்வெளி, சேறு, உப்பளம், மீனவர் குடியிருப்பு. அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்'ல என்னென்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போனா, இரண்டு நாள் போதாது.

வெளிமானைக் காப்பதற்காக 1967-ல் இது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002-ல் கோடியக்கரையும் அதை ஒட்டிய வேதாரண்யம் சதுப்பு நிலமும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் சேர்ந்து, 38,500 ஹெக்டேர் பரப்பு, ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. தமிழ்நாட்டின் முதல் ராம்சர் தலம் இதுதான்.

எப்போது போகலாம்?

வலசைப் பறவைகள் அக்டோபரில் வர ஆரம்பிக்கும். அதே நேரம்தான் வடகிழக்குப் பருவமழையும் ஆரம்பிக்கும். நவம்பரில் போய் மழையில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. இந்தக் கரைக்குப் புயல் புதிதல்ல. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையேறியது இந்த வேதாரண்யம் பகுதியில்தான். காட்டு மரங்கள் சாய்ந்தன, மான்களும் குதிரைகளும் செத்துப்போயின. அதனால் மழை ஓய்ந்த டிசம்பர் கடைசியில் இருந்து பிப்ரவரி வரை வசதியான காலம். மழைநீரும் கடல்நீரும் கலந்து சதுப்பில் நிற்கும், பறவைகளும் இருக்கும், வெயிலும் தாங்கும். கோடையில் போனால் காய்ந்த சேற்று வெளியைப் பார்த்துட்டு வரலாம்.

திருவாரூர், நாகப்பட்டினம் பக்கமிருந்து வேதாரண்யத்துக்குப் பேருந்து உண்டு. அங்கிருந்து அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு வழியாகச் சுமார் 10 கிலோமீட்டர். திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி ரயில் பாதை அகலப் பாதையாகி 2023-ல் மறுபடி திறக்கப்பட்டது. ரயில்கள் குறைவு, எனவே எந்தக் கிழமை ஓடுதுன்னு பார்த்துட்டுக் கிளம்புங்க. வழியெல்லாம் இரண்டு பக்கமும் வெள்ளை வெளேர்னு உப்பளங்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியில் இருந்து நடந்து வந்து உப்பு அள்ளியது இந்த மண்ணில்தான். தங்குவதற்கு வனத்துறையின் ஓய்வு இல்லம் இருக்கிறது. அனுமதி, கட்டணம், நேரம் மூன்றும் மாறக்கூடியவை என்பதால், நாகப்பட்டினம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

ஃபோனில் செய்யவேண்டியது

இதை அனுபவத்தில் சொல்கிறேன். போன வருஷம் ஜனவரியில் இரண்டு நண்பர்களோடு நான் போனபோது பையில் பவர் பேங்க் இருந்தது, பர்ஸில் இருபது ரூபாய் இருந்தது. எல்லாம் யுபிஐல கொடுத்துக்கலாம்னு நினைப்பு. ஊருக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் சிக்னல் ஒரு கோடாகி, அதுவும் போய்விட்டது. மூன்று டீ, மூன்று வடை சாப்பிட்டுவிட்டு, ஸ்கேன் பண்ணி, வட்டம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டு நின்றோம். கடைக்கார அம்மாதான், "போயிட்டு வந்து குடு தம்பி, எங்க ஓடிப்போயிடப் போற, முன்னாடி கடல்தானே"ன்னு சிரிச்சாங்க. ஆகவே முதல் வேலை, வேதாரண்யத்திலேயே கையில் ரொக்கம் எடுத்துக்கொள்வது.

இரண்டாவது, வரைபடம். நிறைய பேருக்கு இதில் ஒரு குழப்பம் உண்டு. நாம் எங்கே நிற்கிறோம்னு ஃபோன் கண்டுபிடிப்பது செயற்கைக்கோள் மூலம். அதற்கு நெட் வேண்டாம். ஆனால் சாலை, ஊர்ப்பெயர் எல்லாம் இருக்கும் வரைபடம் நெட்டில் இருந்துதான் வரும். நெட் இல்லாவிட்டால் வெற்றுச் சாம்பல் திரையில் ஒரு நீலப் புள்ளி மட்டும் மிதக்கும். கூகுள் மேப்ஸில் வேதாரண்யம், முத்துப்பேட்டை பகுதிகளை ஆஃப்லைன் வரைபடமாக வீட்டில் வைஃபையிலேயே இறக்கிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. பறவைகளை அடையாளம் காண உதவும் மெர்லின் செயலியிலும் இந்தியப் பறவைத் தொகுப்பை முன்பே இறக்கி வைக்கலாம். பிறகு நெட் இல்லாமலே வேலை செய்யும். ஆனால் அதில் உள்ள பறவைக் குரலைக் காட்டுக்குள் சத்தமாகப் போட்டுப் பறவையைக் கூப்பிடாதீங்க. தன் இடத்துக்கு எதிரி வந்துவிட்டான்னு அது பதறித் தேடும்.

மூன்றாவது, வானிலை. மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'டிஎன் அலர்ட்' செயலியைப் போட்டு, அறிவிப்புகள் வரும்படி விடுங்கள். கடலுக்கு மட்டும் ஒரு விஷயம் தனி. வானம் தெளிவாக இருக்கும், காற்றும் இருக்காது. ஆனால் எங்கோ தொலைவில் அடித்த புயலின் அலை நாள்கணக்கில் பயணித்து வந்து கரையில் ஏறும். இதைத்தான் 'கள்ளக்கடல்' என்கிறார்கள். இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதற்கு எச்சரிக்கை கொடுக்கும். அந்த நாளில் மட்டுமல்ல, எந்த நாளிலும் ஆளில்லாத இந்தக் கரையில் இறங்கிக் குளிக்க வேண்டாம். இழுத்துக்கொண்டு போனால் பார்ப்பதற்கு ஆள் இருக்காது. அவசரத்துக்கு 112, உங்கள் சிம்முக்கு சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் சிக்னல் கிடைத்தால் இந்த அழைப்பு போகும். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படைக்கு 1554.

உள்ளே என்ன பார்க்கலாம்?

காட்டுப் பக்கம் பாலை மரங்கள் அடர்ந்த உலர் பசுமைக் காடு. அதைத் தாண்டிய புல்வெளியில் வெளிமான். ஆண் மான் கறுப்பும் வெள்ளையுமாக, முறுக்கிய கொம்போடு நிற்கும். பெண் மானுக்குக் கொம்பில்லை, பழுப்பு நிறம். குட்டி போட்ட தாய் அதைப் புல்லுக்குள் மறைத்து வைத்துவிட்டுப் போய் மேயும். 'தனியா கிடக்கே பாவம்'னு தூக்கிவிடக் கூடாது, பாதையை விட்டு இறங்கவும் கூடாது. வீட்டு விலங்காக இருந்து காட்டு விலங்காகிவிட்ட மட்டக்குதிரைகளும் கூட்டமாகத் திரியும். குரங்குகளுக்குத் தீனி போடுவது வேண்டவே வேண்டாம். கைப்பையைப் பிடுங்கக் கற்றுக்கொண்டது நம்மால்தான்.

எனக்கு இங்கே மனசில் நிற்பது சதுப்பு. காலை ஏழு மணிக்குப் போனோம். தூரத்தில் தண்ணீர்மேல் இளஞ்சிவப்பாக ஒரு கோடு, பூநாரைகள். தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் சேற்றுத் தண்ணீரை அரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. அவற்றுக்கு முன்னால் ஆழம் குறைந்த இடத்தில் நூற்றுக்கணக்கில் குட்டிக் குட்டி உள்ளான்கள். யார் எங்கே சாப்பிடுவது என்பதைக் கால் நீளம்தான் முடிவு செய்கிறது. பூநாரை ஆழத்தில் நிற்கும், உள்ளான் ஓரத்தில் ஓடும்.

ஃபோனில் எவ்வளவு இழுத்தும் புள்ளி புள்ளியாகத்தான் விழுந்தது. கொஞ்சம் கிட்டே போகலாம்னு நான் சேற்றில் இறங்கினேன். பத்து அடி, இருபது அடி. மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் எழும்பியது. வீடியோவில் அது பிரமாதமாக இருந்தது, நான் மறுக்கவில்லை. திரும்பி வந்தபோது எங்களோடு வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் திட்டவில்லை. "அந்தக் கொசு உள்ளான் எவ்ளோ எடை இருக்கும்னு நினைக்கிறீங்க தம்பி?"ன்னு மட்டும் கேட்டார். நான் நூறு கிராம் என்றேன். முப்பது கிராம்கூட இல்லையாம். சைபீரியப் பக்கமிருந்து வந்து, இங்கே சாப்பிட்டுச் சேர்த்த கொழுப்பை வைத்துத்தான் திரும்பிப் போய் முட்டையிட வேண்டும். "இன்னைக்கு நீங்க ஒரு தடவை கிளப்பி விட்டீங்க. ஞாயித்துக்கிழமைன்னா ஐம்பது பேர் கிளப்புவாங்க. அது எப்ப சாப்பிடும்?"

அந்த வீடியோவை நான் எங்கேயும் போடவில்லை.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல ஆண்டுகளாக இங்கே பறவைகளின் காலில் வளையம் மாட்டி, அவை எங்கே போய் வருகின்றன என்று ஆராய்ந்து வருகிறார்கள். சலீம் அலிக்குப் பிடித்த இடங்களில் ஒன்று இது. வளையம் மாட்டிய பறவையோ, செத்துக் கிடக்கும் பறவையோ கண்ணில் பட்டால் வளையத்தில் உள்ள எண்ணைக் குறித்து வனத்துறையினரிடம் சொல்லுங்கள். அதற்கு ஃபோன் கேமரா உண்மையிலேயே உதவும்.

கிட்டே பார்க்க ஆசைப்படுபவர்கள் ஒரு பைனாகுலர் கொண்டுபோங்க; எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது போதும், இரவல் வாங்கினாலும் சரி. பளிச்சென்ற நிறச் சட்டை வேண்டாம். தண்ணீரை வீட்டுப் பாட்டிலிலேயே எடுத்துப் போங்க, குப்பையைத் திரும்பக் கொண்டு வாங்க. ட்ரோன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது.

நேரம் மிச்சமிருந்தால் ராமர் பாதம் மேட்டில் ஏறிப் பாருங்க. சுற்றிலும் தட்டையான இந்த ஊரில் உயரமான இடம் அதுதான். கடற்கரையில் சோழர் காலத்தது என்று சொல்லப்படும் பழைய கலங்கரை விளக்கத்தின் இடிபாடு இருக்கிறது. பெரும்பகுதியை 2004 சுனாமி கொண்டு போய்விட்டது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில் போக வேண்டும், அதற்கு அனுமதி தனி. அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

டீக்கடை அம்மாவுக்கு அன்று சாயங்காலம் வேதாரண்யம் ஏடிஎம் போய்விட்டுத் திரும்பி வந்துதான் காசு கொடுத்தோம். பேருந்துக் கட்டணம் டீக்காசைவிட அதிகம். நீங்க ரொக்கத்தோடயே போங்க.