பெட்டியில் இருப்பதைச் சொல்லிவிடுங்கள்

வேளாண்மைத் துறையில் தானியக் கிடங்குகளைக் கவனித்து ஓய்வுபெற்றவன் நான். மகள் மெல்போர்னில் இருக்கிறாள். எங்கள் தெருவில் யாராவது பிள்ளைகளைப் பார்க்க ஆஸ்திரேலியா கிளம்பினால், என்னென்ன எடுத்துப்போகலாம் என்று என்னிடம்தான் கேட்க வருவார்கள். அரிசி, கொண்டைக்கடலை, சீரகம், கொத்தமல்லி விதை, காய்ந்த மிளகாய், பால்கோவா, கறிவேப்பிலை என்று பட்டியல் நீளும். அத்தனையையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள் என்பேன்.

"சீரகம் என்ன சார் பண்ணும்?" என்பார்கள். சீரகம் ஒன்றும் பண்ணாது. அதில் ஒளிந்துபோகும் கப்ரா வண்டுதான் பண்ணும். நம் நாட்டிலிருந்து பல நாடுகளுக்குப் பரவிய பூச்சி அது. சேதம் செய்வது அதன் புழு. சாக்குத் தையலிலும் சுவர் விரிசலிலும் புகுந்துகொண்டு, தீனியே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். சாதாரண மருந்துக்கு மசியாது. கோதுமையை ஏற்றுமதி செய்து வாழும் நாடு அதற்கு அஞ்சுவதில் என்ன தவறு? பயணிகள் பெட்டியில் இந்தத் தானியங்களும் விதைகளும் வரக்கூடாது என்று அவர்கள் தடுத்திருப்பது அதனால்தான்.

பால்கோவாவுக்குக் காரணம் வேறு. நம் மாடுகளை வாட்டும் கோமாரி நோய் ஆஸ்திரேலியாவில் 1872க்குப் பிறகு வந்ததில்லை. அந்தக் கிருமி பால் பொருள்களிலும் பயணம் செய்யும்.

விமானத்தில் தரும் வருகை அட்டையை நிதானமாக நிரப்புங்கள். உணவு, செடி, விதை, மரப்பொருள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருப்பார்கள். பாக்கெட் பிஸ்கட், வறுத்த காபித்தூள் போன்றவற்றை அனுமதிப்பார்கள்; ஆனாலும் 'ஆம்' என்றே குறியுங்கள். துளசிமாலை, தர்ப்பை, மரப்பாச்சி பொம்மைக்கும் அதே பதில்தான். சொல்லிவிட்டால், ஆகாத பொருளை எடுத்துக்கொண்டு உங்களை அனுப்பிவிடுவார்கள், அபராதம் இல்லை. மறைத்தால் மோப்ப நாயோ எக்ஸ்ரேயோ காட்டிக்கொடுக்கும். ஆயிரக்கணக்கான டாலர் அபராதம் விழலாம். 2019 முதல் சுற்றுலா விசாவையே ரத்துசெய்து திருப்பி அனுப்பவும் அதிகாரம் இருக்கிறது.

மற்றவை எளிது. பெரியவர் ஒருவர் 900 ஆஸ்திரேலிய டாலர் மதிப்புவரை பரிசுப் பொருள்களை வரியில்லாமல் கொண்டுபோகலாம். 18 வயது நிரம்பாதவர் என்றால் 450. மது பெரியவருக்கு மட்டும், 2.25 லிட்டர். ரொக்கம் 10,000 டாலரோ அதற்கு மேலோ இருந்தால் அறிவிக்க வேண்டும். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை மூன்று மாதத்துக்குள் அடங்கும்படி, அட்டையைப் பிரிக்காமல், மருத்துவரின் ஆங்கிலச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். திரவமோ ஜெல்லோ கைப்பையில் இருந்தால் ஒவ்வொரு புட்டியும் 100 மில்லிக்குள் இருக்கட்டும்.

சோதிக்கிறார்களே என்று கூச வேண்டாம். கிடங்கில் வண்டு விழுந்தால் உழவன் வயிறு எப்படி எரியும் என்று கண்ணால் பார்த்தவன் நான். அது எந்த ஊர் உழவனுக்கும் ஒன்றுதான். முறையாக மருந்திட்டு இறக்குமதியான சீரகமும் அரிசியும் மெல்போர்ன் இந்தியக் கடைகளிலேயே கிடைக்கின்றன. போய் இறங்கியதும் மகளோடு கடைக்குப் போய் வாங்கிக்கொள்ளுங்கள்.