குப்பாயமும் தோள்சீலையும்
தெற்குத் திருவிதாங்கூர், 19ஆம் நூற்றாண்டு

இங்குள்ள தளர்வான மேல்சட்டை குப்பாயம். சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிளா முஸ்லிம் பெண்களும் அணிந்தது. தோளின் குறுக்கே போடும் துணி தோள்சீலை. அது மேல்சாதிப் பெண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அவர்களும் தம்மினும் உயர்ந்த சாதியார் முன் அதை விலக்க வேண்டியிருந்தது. நாடார் முதலான சாதிப் பெண்களுக்கோ மேலாடையே மறுக்கப்பட்டிருந்தது.

கர்னல் மன்றோ திருவிதாங்கூர் திவானாக இருந்தபோது, கிறிஸ்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம் அணிய அனுமதி கிடைத்தது. நாடார் பெண்கள் அதோடு நிற்கவில்லை. குப்பாயத்தின் மேல் தோள்சீலையும் போட்டுக்கொண்டு சந்தைக்கு வந்தார்கள். அந்தத் துணிச்சல்தான் இந்த வரலாற்றின் உயிர். பொது இடங்களில் அவர்களின் துணிகள் கிழிக்கப்பட்டன. வீடுகளும் ஜெபக்கூடங்களும் எரிந்தன. 1829 அரசாணை குப்பாயத்தை ஏற்று, தோள்சீலையைத் தடுத்தது.

1858 இறுதியில் கலவரம் மீண்டும் மூண்டது. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் நெருக்கவே, 1859 ஜூலையில் திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா புதிய அறிவிப்பு வெளியிட்டார். அதன்படி, எந்த மதத்து நாடார் பெண்ணும் குப்பாயம் அணியலாம். மீனவச் சாதியான முக்குவப் பெண்களைப் போல் முரட்டுத் துணியும் சுற்றிக்கொள்ளலாம். மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் மட்டும் உடுத்தக் கூடாது.