ஸ்ட்ரெய்ட்னர் சுட்டுவிட்டதா? பேஸ்ட்டைத் தேடாதீர்கள்... குழாயைத் திறங்கள்!

போன வருடம் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம். காலை 6 மணிக்கு முகூர்த்தம் என்பதால், 3.30 மணிக்கே மணமகள் அறை களைகட்டிவிட்டது. அறையில் இருந்ததோ ஒரே ஒரு ப்ளக் பாயின்ட். அதில் ஸ்ட்ரெய்ட்னரும் கர்லரும் முறைவைத்து ஓடிக்கொண்டிருந்தன. கடைசி ஆளாக நான் முடியை நேராக்கி முடித்தேன். ஸ்விட்சை ஆஃப் செய்துவிட்டு, ஸ்ட்ரெய்ட்னரைக் கட்டில் மேல் போட்டுவிட்டு, பூ வைத்துக்கொள்ளத் திரும்பினேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. வீலென்று ஓர் அலறல்.

அக்காவின் இரண்டரை வயது மகள், கட்டிலைப் பிடித்து எழுந்து, ஸ்ட்ரெய்ட்னரைக் கையால் பற்றியிருந்தாள்.

அடுத்து நடந்தது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். ஓர் அத்தை டூத்பேஸ்ட்டோடு ஓடி வந்தார். இன்னொருவர் சமையல்கட்டிலிருந்து காபித்தூள் கேட்டார். யாரோ ஜூஸ் கவுன்டரிலிருந்து ஐஸ் கொண்டு வந்தார்கள். கடைசியில் ஜெயித்தது பேஸ்ட். பிஞ்சு விரல்கள் முழுக்க வெள்ளையாகப் பூசினோம். அழுகை நிற்கவில்லை. தாலி கட்டி முடிந்ததும் பக்கத்துத் தெரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே டாக்டர் செய்த முதல் வேலை, காய்ந்துபோன பேஸ்ட்டைக் கழுவி எடுப்பது. சுட்டபோது அழுததைவிட அப்போதுதான் குழந்தை அதிகமாகக் கதறினாள். அதன் பிறகு அவள் கையைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

மண்டபத்திலும் குழாய் இருந்தது. அறையிலிருந்து பத்தடி தூரத்தில். அது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

இவ்வளவு சின்னப் பொருளில் எவ்வளவு சூடு?

தண்ணீர் கொதிப்பது 100 டிகிரி செல்சியஸில். ஸ்ட்ரெய்ட்னர், கர்லர் போன்றவை பொதுவாக 150 டிகிரியிலிருந்து 230 டிகிரி வரை சூடாகும். காய்ந்த தோசைக்கல்லை நெற்றிக்கும் காதுக்கும் பக்கத்தில் கொண்டுபோவது மாதிரிதான் இது. இந்தச் சூட்டில் தோல் பழுக்க ஒரு நொடி தொட்டாலே போதும்.

பெரும்பாலும் சூடு படுவது சில குறிப்பிட்ட இடங்களில்தான்: காது மடலின் நுனி, முன்நெற்றி, பின்கழுத்து, விரல்கள். கைதவறி விழும்போது தொடை. இப்போது புதிதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. சேலை மடிப்புகளை ஸ்ட்ரெய்ட்னரால் அழுத்துவது பலருக்கும் பழக்கமாகிவிட்டது. சேலையைக் கட்டிய பிறகு, உடம்பில் இருக்கும்போதே இதைச் செய்பவர்களும் உண்டு. வயிற்றில் சூடு வைத்துக்கொள்ள இதைவிட எளிய வழி கிடையாது. சிந்தெடிக் சேலை என்றால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

முதல் 20 நிமிடம்... தண்ணீர் மட்டும்!

கருவியிலிருந்து கையை எடுத்துவிட்டாலும், தோலுக்குள் இறங்கிய சூடு உடனே போய்விடாது. உள்ளே இருக்கும் அடுக்குகளைத் தொடர்ந்து பாதிக்கும். அந்தச் சூட்டை வெளியே இழுக்கும் வேலையை ஓடும் தண்ணீர் செய்கிறது. வலியும் வீக்கமும் குறையும், காயமும் ஆழமாக இறங்காது.

* முதலில் ப்ளக்கைப் பிடுங்குங்கள். மோதிரம், வளையல், வாட்ச் இருந்தால் உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது.

* காயம்பட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மொபைலில் டைமர் வைத்துக்கொள்ளுங்கள். வலிக்கும்போது இரண்டு நிமிடமே இருபது நிமிடம் போலத் தெரியும்.

* நெற்றி, காது, கழுத்து என்றால் சுத்தமான பருத்தித் துணியைத் தண்ணீரில் நனைத்து வையுங்கள். துணி சூடாகிவிடும் என்பதால் நிமிடத்துக்கு ஒருமுறை மீண்டும் நனைத்து மாற்றுங்கள்.

* கோடைக்காலத்தில் மதிய நேரம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரே கொதிக்கும். கையைக் காட்டும் முன் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் குடத்திலோ பக்கெட்டிலோ பிடித்து வைத்த தண்ணீரை மக்கால் மெதுவாக ஊற்றிக்கொண்டே இருங்கள். தண்ணீர் தட்டுப்பாடு உள்ள வீட்டுக்கும் இதே வழிதான்.

* உடனே செய்ய முடியவில்லையா? சுட்டு 3 மணி நேரத்துக்குள் எப்போது செய்தாலும் பலன் உண்டு. எங்கள் குழந்தைக்கு டாக்டர் தாமதமாகவேனும் தண்ணீரில் பிடிக்கச் சொன்னது இதனால்தான்.

* தண்ணீரில் காட்டி முடித்ததும், ஒட்டாத வகை டிரெஸ்ஸிங்கையோ, சுத்தமான பருத்தித் துணியையோ காயத்தின் மேல் தளர்வாகச் சுற்றுங்கள். பஞ்சு வைக்காதீர்கள், இழைகள் காயத்தில் ஒட்டிக்கொள்ளும். வலி இருந்தால் பாராசிட்டமால் போதும். குழந்தைகளுக்கு எடைக்கேற்ற அளவை டாக்டரிடம் கேட்டுக் கொடுங்கள்.

பேஸ்ட், ஐஸ், மஞ்சள் ஏன் கூடாது?

பாட்டி காலத்திலிருந்து செய்கிறோமே என்று கேட்கலாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டூத்பேஸ்ட்: அதில் இருக்கும் புதினா வாசனைப் பொருள் ஜில்லென்ற உணர்வை மட்டும் தருகிறது. உள்ளே இருக்கும் சூடு அப்படியே இருக்கிறது. பேஸ்ட் காய்ந்து ஒட்டிக்கொண்டால், எடுக்கும்போது தோலும் சேர்ந்து உரியும்.

ஐஸ்: குளிர்ச்சி அளவுக்கு மீறிப்போனால் ரத்தக் குழாய்கள் சுருங்கும். ஏற்கெனவே அடிபட்ட தோலுக்குப் போகும் ரத்தம் குறைந்து, காயம் இன்னும் மோசமாகலாம்.

நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய்: தோலின் மேல் ஒரு மூடி போல் படிந்து, சூட்டை உள்ளேயே அடைத்துவிடும்.

மஞ்சள், காபித்தூள், இங்க்: காயத்தின் நிறத்தையே மாற்றிவிடும். எவ்வளவு ஆழமாகச் சுட்டிருக்கிறது என்று டாக்டர் நிறத்தைப் பார்த்துத்தான் கணிக்கிறார். அந்த வழியையே நாம் மூடிவிடுகிறோம். கிருமித் தொற்றும் வரலாம். தீக்காயத்தில் பூசக் கூடாதவை என உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பட்டியலில் எண்ணெயோடு மஞ்சளும் இடம்பெற்றிருக்கிறது.

தீக்காய க்ரீம்: வீட்டில் ட்யூப் இருந்தாலும் முதலில் தண்ணீர்தான். சூடு தணியும் முன் எந்த க்ரீமும் வேண்டாம். கொப்புளம் வந்திருந்தால் டாக்டரைக் கேட்காமல் எதையும் தடவாதீர்கள்.

காயத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்

தோல் சிவந்து, எரிச்சலோடு, கொப்புளம் இல்லாமல் இருந்தால் மேலோட்டமான காயம். நம் போன்ற மாநிறத் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. தொட்டால் வலிக்கிறதா, சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். இது பெரும்பாலும் ஒரு வாரத்தில் ஆறிவிடும்.

நீர்க்கொப்புளம் வந்தால் அது அடுத்த நிலை. மேலாக இருந்தால் இரண்டு, மூன்று வாரங்களில் ஆறும். கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள். காயத்துக்கு இயற்கையே போட்ட கட்டு அது. தானாக உடைந்தால் சுத்தமான தண்ணீரில் கழுவி, டிரெஸ்ஸிங் போடுங்கள்.

தோல் வெளுத்தோ, கருகியோ, தோல்பொருள் போலத் தடித்தோ இருந்து, வலியே இல்லை என்றால் நிம்மதியடையாதீர்கள். நரம்புகள் வரை பாதித்திருக்கலாம். இதுதான் உடனடியாக டாக்டரைப் பார்க்க வேண்டிய காயம்.

எப்போது மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

* காயம்பட்டவரின் சொந்த உள்ளங்கை அளவைவிடக் காயம் பெரிதாக இருந்தால்.

* கண், கண் இமை, முகம், கை விரல்கள், மூட்டுகள், பிறப்புறுப்புப் பகுதியில் கொப்புளம் வந்தால். கண்ணில் பட்டிருந்தால் தண்ணீரால் கழுவிக்கொண்டே கிளம்புங்கள், தேய்க்காதீர்கள்.

* குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள் என்றால் சின்னக் கொப்புளமாக இருந்தாலும்.

* இரண்டு, மூன்று நாள்களில் வலி அதிகரித்தால், சீழ், துர்நாற்றம், காய்ச்சல் வந்தால்.

* கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டோம் என்பதே நினைவில் இல்லை என்றால், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அவசரம் என்றால் 108-ஐ அழைக்கலாம். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

கறுத்த தழும்பு வராமல் இருக்க...

நம் தோலில் காயம் ஆறிய பிறகும் அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்துத் தெரியும். வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். தோல் முழுவதும் மூடிய பிறகு வெளியே போகும்போது எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்க்ரீன் தடவுங்கள். துப்பட்டாவால் மறைத்துக்கொள்ளலாம். பெட்ரோலியம் ஜெல்லி தடவி ஈரப்பதத்தோடு வைத்திருங்கள். பக்கு தானாக உதிரட்டும், உரிக்காதீர்கள். கறுப்பைப் போக்குகிறேன் என்று சிவப்பழகு க்ரீம், எலுமிச்சைச் சாறு, கடையில் யாரோ கொடுத்த ஸ்டீராய்டு க்ரீம் இதையெல்லாம் முயன்றுபார்க்கும் இடம் இது இல்லை.

சுடாமல் தப்பிக்க சில பழக்கங்கள்

* ஈர முடியில் வேண்டாம். ஆவி எழுந்து தலைத் தோலைச் சுடும். எண்ணெய் வைத்த முடியிலும் வேண்டாம்.

* எல்லார் முடிக்கும் உச்சபட்ச சூடு தேவையில்லை. மெல்லிய முடிக்கு 150 டிகிரி போதும். அடர்த்தியான முடிக்கும் 180-லிருந்து ஆரம்பித்துப் பாருங்கள்.

* வேரிலிருந்து ஒரு விரல் அகலம் விட்டுத் தொடங்குங்கள். காதுக்குப் பக்கத்தில் வரும்போது காதை மடித்துப் பிடித்துக்கொள்ளுங்கள் அல்லது சீப்பை நடுவில் வையுங்கள்.

* கழுத்தையும் தோளையும் சுற்றிப் பருத்தித் துண்டு போட்டுக்கொள்ளுங்கள். பின்தலைக்கு இன்னொருவர் உதவி கேளுங்கள்.

* கண்ணாடி முன் உட்கார்ந்து செய்யுங்கள். ஒரு கையில் போன், மறு கையில் கர்லர் வேண்டாம். குளியலறையில் வேண்டவே வேண்டாம்.

* கரன்ட் போனால் முதலில் ப்ளக்கைக் கழற்றுங்கள். அப்படியே விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டால், கரன்ட் வந்ததும் சில கருவிகள் தானாகச் சூடாகத் தொடங்கிவிடும்.

* சேலை மடிப்பை முதல் நாளே மேஜை மேல் வைத்து, அயர்ன்பாக்ஸால் அழுத்திக்கொள்ளுங்கள்.

குழந்தை இருக்கும் வீட்டில்...

நான் ஸ்விட்சை ஆஃப் செய்துவிட்டேன். என் கணக்கில் வேலை முடிந்துவிட்டது. ஆனால், ஆஃப் செய்து 15 நிமிடம் ஆன பிறகும் ஸ்ட்ரெய்ட்னர் சுடும். தானாக ஆஃப் ஆகும் மாடல்களும் அப்படித்தான். விளக்கு அணைந்துவிட்டால் சூடு தணிந்துவிட்டது என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்? சூடாக இருக்கும்போதுகூட அதன் தோற்றம் மாறுவதில்லை. பெரியவர்கள் சட்டென்று கையை இழுத்துக்கொள்வோம். குழந்தை பயத்தில் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதன் தோலும் மெல்லியது.

எனவே, ஆஃப் செய்ததும் ப்ளக்கைக் கழற்றி, வயரையும் சேர்த்து மேலே எடுத்து, குழந்தைக்கு எட்டாத உயரத்தில், ஓடு அல்லது கல் பரப்பின் மேல் வையுங்கள். வயர் தொங்கினால் பிடித்து இழுக்கும். அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிட்டு, தொட்டுப் பார்த்து உறுதி செய்த பிறகே உள்ளே வையுங்கள். கட்டில், சோபா, தரை மூன்றும் ஆகாது. கல்யாண மண்டபம் போன்ற நெரிசலான இடத்தில், குழந்தைகள் இல்லாத ஓர் அறையை இதற்கென ஒதுக்கிவிடுங்கள்.

எங்கள் குட்டிக்கு இரண்டு விரல்களில் கொப்புளம் வந்து, இரண்டு வாரத்தில் ஆறியது. பெரிய தழும்பு இல்லை. இப்போது நான் கண்ணாடி முன் உட்கார்ந்தாலே, 'சித்தி, சூடு!' என்று சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் போய் நின்றுகொள்கிறாள். அவள் கற்றுக்கொண்டுவிட்டாள். அதை அவள் விரல் சுட்டுக் கற்றிருக்க வேண்டியதில்லை.

அடுத்த முகூர்த்தத்துக்கு மேக்கப் பெட்டியைத் தயார் செய்யும்போது, வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: சுட்டால் குழாய், 20 நிமிடம். பேஸ்ட் பல் துலக்க மட்டும்!