ஒற்றைப் பாதையும் ஒரு வில்லையும்

1874-ஆம் வருஷம் இங்கிலாந்தில் நார்விச் நகருக்கருகே, ஒற்றை இருப்புப்பாதையில் இரு ரயில்கள் நேருக்கு நேர் மோதின, பலர் மாண்டனர். தந்தியில் நேர்ந்த குழப்பமே காரணம்.

1878-இல் எட்வர்ட் டையர் பரிகாரம் கண்டார். இரு நிலையங்களின் பெட்டிகளை மின்கம்பி பிணைக்கும். ஒரு வில்லை வெளிவந்தால், அது திரும்பப் பெட்டியில் சேரும்வரை மற்றொன்று வராது. வில்லையின்றி வண்டி புறப்படலாகாது. நம் நாட்டில் இதே தத்துவம் பந்து வடிவில் உழைத்தது.

இங்கே முக்கியம் வேகமன்று, நிகழ்ச்சிகளின் வரிசையே. இதனைத் 'தனிநிகழ்ச்சி அமைப்பு' எனலாம். புறப்பட்ட வண்டியைத் தடுப்பது அரிது. வில்லை எடுப்பதைத் தடுப்பது எளிது. இவ்வாறு நிகழ்ச்சிகளைப் பிரித்து ஆபத்தை முன்னரே விலக்கும் கணிதத்தை, 1987-இல் ராமட்ஜ், வோன்ஹம் என்னும் அறிஞர் இருவர் வெளியிட்டனர்.

உயிர் காக்கும் இச்சாஸ்திரத்தை நம் இளைஞர் தாய்மொழியிலேயே கற்றல் வேண்டும்.