ஒரே நம்பர், உள்ளே வேறு சரக்கு!

செம்பரம்பாக்கம் என்றதும் சென்னைவாசிகளுக்கு ஏரிதான் நினைவுக்கு வரும். 24 அடி வரை தண்ணீர் தேங்கும் பெரிய ஏரி. மதகின் கதவைச் சிறிது உயர்த்தினால் போதும். தண்ணீர் சீறிக்கொண்டு வெளியே பாயும்!

'பவர் டிரான்சிஸ்டர்' செய்யும் வேலையும் இதுவே. அதற்கு மூன்று முனைகள். ஒரு முனையில் கொஞ்சம் மின்சாரம் கொடுத்தால், மற்ற இரண்டுக்கும் நடுவே பெரிய மின்சாரம் பாயும். திருவிழாவில் ஒலிபெருக்கி அலறுவது இந்த மதகினால்தான். (பெரியவர்களுக்கு டிரான்சிஸ்டர் என்றால் தோளில் தொங்கிய ரேடியோ. உள்ளே இருந்த பொருளின் பெயரே ரேடியோவுக்கும் ஒட்டிக்கொண்டது.)

ஏரியைத் தாண்டி மேற்கே போனால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள். கார், செல்போன் எல்லாம் தயாராகும் வட்டாரம். ஒரு கம்பெனியின் சரக்கு வராமல் போனால் வேலை நின்றுவிடுமே! ஆகையால் இப்படிப்பட்ட ஆலைகளில் ஒரே உதிரிக்கு இரண்டு, மூன்று கம்பெனிகளைச் சோதித்துப் பட்டியலில் வைத்துக்கொள்வது வழக்கம்.

"இது நின்ற இடத்தில் அது நிற்குமா?" என்பதே அங்கே கேள்வி. சென்னை ரிச்சி தெருவில் ஆம்ப்ளிபயருக்கு உதிரி தேடுகிறவருக்கும் அதே கேள்விதான்.

900 அல்ல, 115!

உலகம் முழுவதும் ஓடிய ஒரு டிரான்சிஸ்டரை எடுத்துக்கொள்ளலாம். அதன் நம்பர் 2 என் 3055. தொப்பி போன்ற உலோக மூடி. அடியில் இரண்டு கால்கள். மூன்றாவது முனை அந்த உலோக உடம்பேதான்! 1960-களில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனி இதைக் கொண்டுவந்தது. பிறகு மோட்டரோலா போன்ற பல கம்பெனிகளும் இதே நம்பரில் தயாரித்தன. இந்தியாவில் 1964-ல் தொடங்கிய கான்டினென்டல் டிவைஸ் கம்பெனியும் தயாரித்தது.

இது தாங்குவது 60 வோல்ட், 15 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 900 வாட். அப்படியானால் 900 வாட் தாங்குமா? தாங்காது! 115 வாட்தான். அதுவும் உலோக உடம்பு 25 டிகிரி சென்டிகிரேடில் குளிர்ச்சியாக இருந்தால் மட்டும். உடம்பு 100 டிகிரிக்குச் சூடேறினால் தாங்கும் சக்தி சுமார் 66 வாட்டாகக் குறைந்துவிடும். சூட்டை இழுத்து வெளியே விடும் அலுமினியத் தகட்டில் இதை இறுக்கிப் பூட்டுவது அதனால்தான். சித்திரை வெயிலில், காற்றுப் புகாத பெட்டிக்குள் அந்தத் தகடு படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

நம்பரில் பாதியைப் பார்த்து வாங்குவதும் ஆபத்து. 'டிப் 3055' என்று ஒன்று உண்டு. பிளாஸ்டிக் உடம்பு. அதே 60 வோல்ட், அதே 15 ஆம்பியர். ஆனால் 90 வாட்தான். 'எம்.ஜே.ஈ. 3055 டி' இன்னும் சிறியது: 10 ஆம்பியர், 75 வாட். பெயரில் அண்ணன் தம்பி, பலத்தில் அல்ல!

வேகம் கூடினால் வம்பு

நம்பர் முழுவதும் ஒன்றாக இருந்தால்? அப்போதும் உள்ளே வேறுபாடு உண்டு. பெருக்கும் சக்தி 20 மடங்கும் இருக்கலாம், 70 மடங்கும் இருக்கலாம்; இரண்டும் விதிக்கு உட்பட்டவையே. ஒரே சுமையை இழுக்க இரண்டைச் சேர்த்துப் போடும்போது இதைக் கவனிக்காவிட்டால், ஒன்று சும்மா இருக்கும். மற்றது வெந்து சாகும்.

ஆர்.சி.ஏ.யின் பழைய தயாரிப்பில் நடு அடுக்கு தடிமன். வேகம் குறைவு; முரட்டு உழைப்பாளி. 1970-களில் பரவிய புதிய முறையில் அந்த அடுக்கு மெல்லியது. வேகம் சுமார் மூன்று மடங்கு. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பழைய கருவியில் இதை மாட்டினால், காதுக்குக் கேட்காத அதிர்வு கிளம்பி, பாட்டே பாடாமல் ஆம்ப்ளிபயர் சூடேறலாம்! அதிக வோல்ட்டில் சூடு ஒரே புள்ளியில் குவிந்து பொத்துக்கொள்ளும் அபாயமும் மெல்லிய அடுக்குக்கு அதிகம். ஆகவே "எத்தனை வோல்ட்டில் எத்தனை ஆம்பியர்?" என்று ஒவ்வொரு கம்பெனியும் அச்சிடும் வரைபடத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் சரியான ஒப்பீடு.

போலிச் சரக்கு

இவை எல்லாம் நேர்மையான கம்பெனிகளின் கதை. பழைய நம்பரை அழித்துப் புது நம்பர் அச்சிட்ட போலிகளும் சந்தையில் உலவுகின்றன. மூடியை அறுத்துப் பார்த்தால், உள்ளே இருக்கும் சிலிக்கான் சில்லு இருக்க வேண்டிய அளவில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். கையிலுள்ள மீட்டரால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. சிறு மின்சாரத்தில் அசலும் போலியும் ஒன்று போலவே காட்டும். முழுச் சுமை ஏற்றும்போதுதான் சாயம் வெளுக்கும். வெளியே தெரியும் அடையாளங்கள் சில உண்டு: எழுத்து எளிதில் அழியும், கம்பெனி முத்திரை கோணலாக இருக்கும், விலை நம்ப முடியாத அளவு மலிவாக இருக்கும்.

மலிவு விலை டிரான்சிஸ்டர் போனால் போகட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. அது சாகும்போது பெரும்பாலும் மதகு திறந்தபடியே நின்றுவிடும். பல ஆம்ப்ளிபயர்களில் அந்த மின்சாரம் நேரே ஒலிபெருக்கிக்குள் பாயும். பியூஸ் முந்திக்கொண்டால் பிழைத்தது. இல்லாவிட்டால் ஒலிபெருக்கியின் கம்பிச் சுருளும் கருகிப்போகும்.